23 இல்லாத கடைசி எண்

1987 டிசம்பரில் ராமானுஜன் நூற்றாண்டு வந்தபோது நான் திருச்சியில் முதுகலைக் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் விழா எடுத்தார்கள். பேச வந்தவர்கள் எல்லாரும் 1729-ஐத்தான் பேசினார்கள். புட்னி மருத்துவ விடுதிக்கு கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி வாடகைக் காரில் வந்தது, கார் எண்ணான 1729-இல் விசேஷம் எதுவும் இல்லை என்று சொன்னது, படுக்கையில் கிடந்த ராமானுஜன் அந்தக் கணமே மறுத்தது. அதை விட்டால் அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் காட்டிய கதை. ஒவ்வொரு கதைக்கும் அரங்கம் கை தட்டியது. நானும்தான் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு எங்களுக்கு எண் கோட்பாடு நடத்திய பேராசிரியர் என்னை நூலகத்துக்கு வரச் சொன்னார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். வகுப்பில் அதிகம் பேசமாட்டார், கரும்பலகைதான் பேசும். அலமாரியிலிருந்து ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பை எடுத்தார். ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் மூவரும் பதிப்பித்து 1927-இல் வெளிவந்த நூல். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். மேலிருந்து கீழாக எண்கள். 2, 4, 6, 12 என்று ஆரம்பித்து 6746328388800 வரைக்கும் போகிற பட்டியல்.

"இதுல ஒண்ணு இல்ல. எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வா. அவர் எப்படி வேலை செஞ்சார்னு அப்பதான் உனக்குத் தெரியும்" என்றார்.

"ராமானுஜன் விட்டுட்டாரா சார்?"

"அச்சுல இருக்கிற பட்டியல்ல இல்ல. நீ தேடு."

அது 'உயர் பகு எண்கள்' என்ற கட்டுரையில் உள்ள பட்டியல். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் வந்தது. 60 பக்கத்துக்கு மேல் நீளும். ராமானுஜன் கேட்ட கேள்வி ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரியும். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் எத்தனை? 6-க்கு 1, 2, 3, 6 என்று நான்கு காரணிகள். 12-க்கு ஆறு. 13-க்கு இரண்டே இரண்டு. இப்படி எண்ணிக்கொண்டே போனால், தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்கள் அங்கங்கே தென்படும். 12 அப்படிப்பட்டது. 24, 36, 48, 60 அப்படிப்பட்டவை. முந்தைய எண்களின் சாதனையை முறியடிக்கிற எண்கள். அவைதான் உயர் பகு எண்கள்.

எனக்கு இது புதிதாகப் படவில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் தாத்தா நெல் அளந்து பார்த்தவர். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். அறுவடை முடிந்து களத்தில் பங்கு பிரிக்கும்போது அந்தப் 12 எவ்வளவு தோதானது என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பங்காளிக்கும் பிரியும், மூன்று பங்காளிக்கும் பிரியும், நான்கு பேருக்கும் ஆறு பேருக்கும் பிரியும். மரக்காலை உடைக்க வேண்டியதில்லை. பத்து மரக்கால் ஒரு கலமாக இருந்திருந்தால் மூன்று அண்ணன் தம்பிகள் இருக்கும் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் சண்டை வந்திருக்கும். நாளை 60 நாழிகையாகவும், அணாவை 12 தம்படியாகவும் வைத்தவர்களுக்கும் இந்தச் சௌகரியம் தெரிந்திருக்க வேண்டும். பிளாட்டோ தன் கற்பனை நகரத்துக்கு 5040 குடிகள் வேண்டும் என்று எழுதியதும் இதற்காகத்தான். 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் வகுபடும் 5040-க்கு 60 காரணிகள். அதுவும் ஓர் உயர் பகு எண்.

ஆனால் தாத்தாவின் 12-இலிருந்து அந்தப் பட்டியலின் கடைசி வரிக்குப் போவதற்கு நடுவில் ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. கடைசி எண் 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் மேல். அவ்வளவு தூரத்தில் ஓர் எண்ணின் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க ஆயுள் போதாது. எண்ணவும் வேண்டியதில்லை. ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை அடுக்கு இருக்கிறதோ அதோடு 1 கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும். 12 என்பது இரண்டு 2, ஒரு 3. ஆகவே 3 பெருக்கல் 2, ஆறு காரணி. எண் எவ்வளவு பெரிதானாலும் கணக்கு இவ்வளவுதான்.

ஆகவே விடுதி அறையில் உட்கார்ந்து நான் செய்த முதல் காரியம், பட்டியலில் இருந்த பெரிய எண்களை எல்லாம் அடுக்குகளாக மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டது. எண்ணைப் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். 2 எத்தனை, 3 எத்தனை, 5 எத்தனை, 7 எத்தனை, அதற்குமேல் எந்தப் பகா எண் வரை. எழுத எழுத, ராமானுஜன் கட்டுரையில் நிரூபித்திருந்த விதிகள் கண்ணுக்கு முன்னால் நடந்து போயின. அடுக்குகள் ஏறவே ஏறாது: 2-இன் அடுக்கைவிட 3-இன் அடுக்கு பெரிதாக இருக்காது, 3-ஐவிட 5-இன் அடுக்கு பெரிதாக இருக்காது. நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிக் குதிப்பது கிடையாது. கடைசிப் பகா எண் எப்போதும் ஒற்றைதான். 4, 36 இரண்டு மட்டும் விதிவிலக்கு. இவற்றைப் படித்து ஒப்புக்கொள்வது வேறு. கையால் எழுதிப் பார்க்கும்போது, ஏன் அப்படித்தான் இருக்க முடியும் என்பது விரலுக்கே புரிந்துவிடுகிறது. பெரிய பகா எண்ணுக்கு விலை அதிகம். அதே அடுக்கைச் சின்னப் பகா எண்ணுக்குக் கொடுத்தால் எண் சிறுத்துவிடும், காரணிகள் குறையாது.

என் கவனம் நின்ற இடம் 23 என்ற பகா எண் முதன்முதலாக உள்ளே வருகிற இடம். அதுவரை பட்டியல் 19-ஓடு நிற்கிறது. 64250746560-இல் 23 வருகிறது. வந்தவுடன் அது நிலைத்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த எண்ணில் 23 இல்லை. அதற்கடுத்ததில் இருக்கிறது. அதற்கடுத்ததில் இல்லை. நோட்டில் அந்த வரிகளுக்கு எதிரே 'உண்டு', 'இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் 23-ஐ வாங்கிக்கொண்டு, அதற்காக 5-இலோ 7-இலோ ஓர் அடுக்கை விட்டுக்கொடுத்த எண்கள். இன்னொரு பக்கம் 23 வேண்டாம், 7 இரண்டு தடவை இருக்கட்டும் என்கிற எண்கள். இரண்டும் மாறி மாறி முந்துகின்றன. 146659312800 வரை இந்தப் போட்டி நடக்கிறது. அதில் 23 இல்லை. அதற்குப் பிறகு அச்சிட்ட பட்டியலில் 23 உள்ள எண்கள்தான், கடைசி வரி வரைக்கும். 160626866400, அதில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஆறு மடங்கு, ஏழு மடங்கு என்று வரிசையாக ஒரே குடும்பம்.

அந்த ஒழுங்கு அழகாக இருந்தது. அந்த அழகே என்னைச் சந்தேகப்பட வைத்தது என்று இப்போது சொன்னால் அது பின்னால் சேர்த்துக்கொண்ட பெருமையாகிவிடும். நடந்தது எளிமையானது. பேராசிரியர் 'ஒண்ணு இல்ல' என்று சொல்லியிருந்ததால், ஒவ்வோர் எண்ணையும் இரட்டிப்பாக்கி, அது பட்டியலில் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று பார்த்துக்கொண்டு வந்தேன். 146659312800-ஐ இரட்டித்தேன். 293318625600. நம் வழக்கத்தில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அடுக்குகள்: 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. காரணிகள் எத்தனை? 7, 5, 3, 3 பெருக்கினால் 315. நான்கு ஒற்றைகளுக்காக 16-ஆல் பெருக்கினால் 5040.

பட்டியலில் இதற்கு முந்தைய எண் 240940299600, காரணிகள் 4800. அடுத்த எண் 321253732800, காரணிகள் 5376. இரண்டுக்கும் நடுவில் எதுவும் அச்சாகவில்லை. ஆனால் நடுவில் 5040 காரணிகளோடு ஓர் எண் என் நோட்டில் இருந்தது. 4800-ஐவிட அதிகம். பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க இதற்குமேல் ஒரு வரிகூடத் தேவையில்லை.

ஓட்டை இருக்கிறது என்பது வேறு, அந்த ஓட்டையில் உட்கார வேண்டியது இந்த எண்தான் என்பது வேறு. அதற்குமுன் 5040 காரணியை எட்டிய இன்னோர் எண் அந்த இடைவெளியில் இல்லை என்று காட்ட வேண்டும். அடுக்குகள் இறங்குமுகமாக மட்டுமே இருக்கும் என்பதால் பார்க்க வேண்டியவை எல்லையுள்ளவை. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி முடிக்க எனக்கு அந்தப் பொங்கல் விடுமுறை முழுவதும் ஆனது. கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் தெரியும். இங்கே பன்னிரண்டு இலக்கம். ஆகவே பெருக்கல் எல்லாம் கையால்தான். வீட்டில் கேட்டார்கள், பரீட்சைக்கா என்று. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி. இதுல ஏன் இதுன்னு சொல்லு" என்றார். எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அவர் சாக்பீசை எடுத்தார்.

பட்டியலில் சில எண்களுக்குப் பக்கத்தில் உடுக்குறி போட்டிருக்கும். ராமானுஜன் அவற்றைத் தனி வகையாகப் பிரித்து, உயர் பகு எண்களிலும் மேலானவை என்று வைத்தார். அப்படி உடுக்குறி பெற்ற ஓர் எண் 13967553600. அடுத்து உடுக்குறி பெறுவது 321253732800. முதலாவதை 23-ஆல் பெருக்கினால் இரண்டாவது. புதிய பகா எண் ஒன்று உள்ளே வருவதால் காரணிகள் அப்படியே இரட்டிக்கின்றன: 2688 என்பது 5376 ஆகிறது. பேராசிரியர் அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். அதே 13967553600-ஐ 23-க்குப் பதில் 21-ஆல் பெருக்கு. 21 என்பது ஒரு 3, ஒரு 7. இரண்டும் ஏற்கெனவே உள்ளே இருப்பவை. அவற்றின் அடுக்கு ஒவ்வொன்று ஏறுகிறது. 3-ஆல் வரும் ஆதாயம் நான்கிலிருந்து ஐந்து. 7-ஆல் வரும் ஆதாயம் இரண்டிலிருந்து மூன்று. இரண்டும் சேர்ந்து எட்டுக்குப் பதினைந்து. இரட்டிப்புக்கு மிக அருகில், ஆனால் இரட்டிப்பு அல்ல. 2688 என்பது 5040 ஆகிறது.

23-ஐப் புதிதாக உள்ளே கொண்டுவருவதா, வீட்டில் இருக்கிற 3-ஐயும் 7-ஐயும் ஒரு படி ஏற்றுவதா? விலை 23, 21. பலன் 2, ஒன்றே முக்காலும் அரைக்காலும். இவ்வளவு நெருக்கமான பேரத்தில் 21 ஒரு நூலிழை முன்னால் வந்துவிடுகிறது. வந்த உடனேயே 23 அதைத் தாண்டிவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பட்டியலில் 23 இல்லாத எண்ணே கிடையாது. விட்டுப்போனது இரண்டு குடும்பங்களுக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல். 19-ஓடு நின்றுகொண்ட கடைசி எண்.

கரும்பலகையில் அந்த இரண்டு வரியைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றுவரை வேறு எந்தத் தேர்ச்சியும் தரவில்லை. பேராசிரியர் அதோடு விடவில்லை. "கடைசி வரியைப் பார்" என்றார். 6746328388800. அதன் அடுக்குகள்: 2 ஆறு, 3 நான்கு, 5 இரண்டு, 7 இரண்டு, 11, 13, 17, 19, 23. விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண். அதற்குக் காரணிகள் 10080, அதாவது 5040-இன் இரட்டிப்பு. பிறகு நானே மற்றவற்றைக் கண்டுகொண்டேன். விட்டுப்போன எண்ணில் பாதி பட்டியலில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. கால் பங்கு, ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடும்பப் படத்தில் நிற்க, நடுவில் உட்கார வேண்டியவர் மட்டும் இல்லாதது போல இருந்தது அந்தப் பக்கம்.

அந்த எண்ணோடு பழகப் பழக அதன் உள்கட்டு இன்னும் தெரிந்தது. 2, 3, 5, 7 நான்கின் அடுக்குகளும் இரட்டைப்படை. ஆகவே அவை நான்கும் சேர்ந்து ஒரு முழு வர்க்கம். எதன் வர்க்கம்? 2520-இன் வர்க்கம். 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520. மீதி நிற்கும் 11, 13, 17, 19 நான்கையும் பெருக்கினால் 46189. ஆக, 2520-ஐ 2520-ஆல் பெருக்கி, அதை 46189-ஆல் பெருக்கினால் நம் எண். அதன் 5040 காரணிகளை, பெருக்கினால் அந்த எண்ணே வரும்படி இரண்டிரண்டாகச் சேர்த்தால் எத்தனை ஜோடி? 2520. வேண்டுமென்று அமைத்ததுபோல இருக்கிறது, ஆனால் யாரும் அமைக்கவில்லை. 5040-ஆலேயே அது மீதியில்லாமல் வகுபடுகிறது, ஈவு 58198140. 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் வகுபடும். 23-இல் மட்டும் தடுக்கும். 24, 25, 26, 27, 28 மறுபடி வகுபடும். அந்த உயரத்தில் உள்ள எண்களுக்குச் சராசரியாக 27, 28 காரணிகள்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் இது 5040 வைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த வீட்டில் இருக்கும் 293318625601-ஐயோ 19 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுக்க முடியாது.

அந்த விழாப் பேச்சுகளில் எனக்கு ஏற்பட்ட குறை என்ன என்பது இதற்குப் பிறகுதான் தெளிந்தது. ராமானுஜனின் பக்தி அவருடையது. அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் நாம் அவரைச் சொல்லும் விதத்தில் வேலை மறைந்துவிடுகிறது. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறினார். ஆகஸ்டில் போர் தொடங்கிவிட்டது. ஹார்டியின் கூட்டாளியான கணிதர் லிட்டில்வுட் பீரங்கிக் கணக்குப் போடப் போய்விட்டார். கேம்பிரிட்ஜில் குளிருக்குப் பழகாத ஒரு கும்பகோணத்துப் பிள்ளை, தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டு, இந்தப் பட்டியலைக் கையால் போட்டிருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள், 13 இலக்கம் வரை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தள்ளப்பட்ட எண்கள் எத்தனையோ. தள்ளப்பட்டவை அச்சில் தெரியாது. நான் அந்த இடைவெளிகளில் ஒன்றே ஒன்றைச் சரிபார்க்க ஒரு விடுமுறையைச் செலவழித்தவன். அவர் எல்லா இடைவெளிகளையும் கடந்திருக்கிறார். ஒரு கனவு 293318625600-ஐ விட்டுவிட்டது என்று நினைப்பதைவிட, உழைத்த கை நூற்றுக்கும் மேற்பட்டதைச் சரியாகப் பிடித்து ஒன்றை நழுவவிட்டது என்று நினைக்கும்போதுதான் அவர் மேல் எனக்கு மதிப்பு இரட்டிக்கிறது. அந்தக் கட்டுரையைக் கொண்டுதான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் கொடுத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வில் தவறியவருக்குக் கிடைத்த முதல் பட்டம். ஹார்டிக்கு இந்த ஆய்வுப் பொருள் கணிதத்தின் மைய ஓட்டத்தில் இருப்பதாகப் படவில்லை. ஆனாலும் அசமன்பாடுகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த ஆளுமையை இந்தக் கட்டுரையில் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

படிப்பு முடிந்து நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். மேல்நிலை வகுப்புகள். முதல் கம்ப்யூட்டர் பள்ளிக்கு வந்தபோது நான் அதில் ஓட்டிய முதல் நிரல் இதுதான்: இறங்குமுக அடுக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சாதனையை முறிக்கும் எண்களை வரிசைப்படுத்து. அது வேகமாக முடித்தது. 240940299600, 293318625600, 321253732800 என்று மூன்றும் அடுத்தடுத்து விழுந்தன. கையால் போட்டதைக் கருவி ஒப்புக்கொள்வதைப் பார்ப்பது ஒரு திருப்தி. ஆனால் கருவி 21-ஐயும் 23-ஐயும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1997-இல் இன்னொன்று நடந்தது. ராமானுஜன் எழுதிய அந்தக் கட்டுரை முழுதாக 1915-இல் அச்சாகவில்லை. லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி; கட்டுரையைச் சுருக்க வேண்டியிருந்தது. வெளிவராத பகுதி கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. நூற்றாண்டையொட்டி நரோசா பதிப்பகம் கொண்டுவந்த 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' தொகுதியில் அது படியெடுத்து அச்சானது. பிறகு ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபேன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதர்கள் அதைச் சீர்படுத்தி, குறிப்புகளோடு 'ராமானுஜன் ஜர்னல்' முதல் தொகுதியில் வெளியிட்டார்கள். எழுதி 80 ஆண்டு கழித்து.

அதன் படி ஒன்று எனக்குக் கிடைத்தது. அதில் ராமானுஜன் காரணிகளை எண்ணுவதோடு நிற்கவில்லை; காரணிகளைக் கூட்டுகிறார். ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டினால் அது அந்த எண்ணைப் போல எத்தனை மடங்கு வரை போகலாம்? ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், பெரிய எண்களுக்கு இன்ன வரம்பைத் தாண்ட முடியாது என்று காட்டியிருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி அச்சேறுவதற்கு முன்பே, 1984-இல், ரோபேன் இதைக் கூர்மையாக்கினார்: 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணும் அந்த வரம்புக்குள் அடங்கினால் ரீமான் கருதுகோள் உண்மை; ஏதாவது ஒன்று மீறினாலும் பொய். கணிதத்தில் இன்றும் தீராமல் நிற்கும் பெரிய கேள்வி, முழு எண்களின் காரணிகளைக் கூட்டிப் பார்க்கும் கேள்வியாக மாறி நிற்கிறது. எல்லைக்கோடு பிளாட்டோவின் 5040. அந்த 5040 வரம்பை மீறுகிறது: அதன் காரணிகளின் கூட்டல் 19344, அதாவது எண்ணைப் போல 3.838 மடங்கு, வரம்பு 3.817.

அன்று மாலையே நம் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். 5040 காரணிகளின் கூட்டல், எண்ணைப் போல ஏறத்தாழ 5.60 மடங்கு. வரம்பு 5.83. உள்ளே இருக்கிறது. மீறியிருந்தால் உலகத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பேராசிரியர் அப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

வகுப்பில் இந்த எண்ணை நான் எப்போதும் ஒரே விதமாகத்தான் அறிமுகப்படுத்தினேன். கதை சொல்வதில்லை. பட்டியலின் அந்தப் பகுதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒன்று இல்லை, தேடுங்கள் என்று விட்டுவிடுவேன். சிலர் இரட்டித்துக் கண்டுபிடிப்பார்கள். சிலர் கடைசி வரியிலிருந்து 23-ஐ வகுத்துக் கண்டுபிடிப்பார்கள்; அது எனக்குத் தோன்றாத வழி. ஒரு வருடம் பதினோராம் வகுப்பில் ஒரு பெண், விட்டுப்போனதைக் கண்டுபிடித்த பிறகும் நோட்டை மூடவில்லை. "சார், 6746328388800-ஓட நின்னுட்டாரே, அதுக்கு அடுத்தது என்ன?" என்று கேட்டாள். போடு என்றேன்.

அவள் முதலில் இரட்டித்துப் பார்த்தாள். அதற்குமுன் வேறு ஏதாவது வருமா என்று நான் கேட்டேன். பிறகு 29-ஐ உள்ளே கொண்டுவந்து பார்த்தாள். நான்கு நாள் கழித்து வந்தாள். 3-இல் ஓர் அடுக்கை விட்டுக்கொடுத்து 2-இல் இரண்டு அடுக்கை ஏற்றியிருந்தாள். விலை மூன்றுக்கு நான்கு. 2 எட்டுத் தடவை, 3 மூன்று தடவை, மற்றவை அப்படியே. 9, 4, 3, 3 பெருக்கல் 32: காரணிகள் 10368. எண் 8995104518400. இடையில் வேறு எதுவும் 10080-ஐத் தாண்டவில்லை என்பதற்கு ஆறு பக்கம் இணைத்திருந்தாள். பக்கம் பக்கமாகப் பார்த்தேன், சரியாக இருந்தது. கீழே அடுத்த எண்ணுக்கான தேடலையும் ஆரம்பித்துவைத்திருந்தாள்.